டிரினோமலை, தென்னிந்தியா

திருவண்ணாமலை
8.1.2025

அன்புச்செல்விக்கு அண்ணி எழுதுவது.

இங்கே மலையும் நானும் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடல் காற்று ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தமானில் இருந்துகொண்டு கடல் காற்று இல்லாத இடத்துக்கு அவர் எங்கே போவார், பாவம்.

தீபக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. லாட்ஜை லீசுக்கு எடுத்தவர்கள் புதுப் பெயிண்ட் அடித்துப் பேரையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் செங்கம் ரோடு ஆட்டோக்காரர்களுக்கு இன்னமும் அது வேடியப்பன் லாட்ஜ்தான். உன் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகியும் அவர் பேரைச் சொல்லித்தான் ஆள் ஏற்றுகிறார்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்லது கெட்டது எதுவானாலும் உனக்குத் தபாலில்தான் என்பது நம் வீட்டுச் சட்டம். "போன்ல பேசினா காத்தோட போச்சு, எழுதினா கவராவது மிஞ்சும்"னு அவர் சொல்வார். அவர் இல்லை என்பதற்காகச் சட்டத்தை மாற்ற எனக்கு மனசில்லை.

விஷயம் இதுதான். நம் வீட்டு ஏர்மெயில் கவர்கள் அத்தனையையும் சென்னையில் ஒரு ஏலக் கம்பெனியிடம் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரியாததில்லை. லாட்ஜில் தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் கிழித்துப் போட்ட கவரில் ஆரம்பித்து, பழைய கடைகளில் தேடி வாங்கியது வரைக்கும், எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி நம் ஊருக்கு வந்த உறைகள். திருவண்ணாமலை என்ற பேரைச் சரியாக எழுதியவர்கள் பாதி, கொலை செய்தவர்கள் பாதி. பீரோவில் வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதைவிட, பார்க்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போகட்டும். ஓசூரில் இருக்கும் என் பிள்ளை, உன் மருமகன் கலையரசன், "உன் இஷ்டம்மா"ன்னுட்டான். அவனுக்குக் கவர் என்றால் பிரிக்க வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

ஏலத்துக்கு அழகாக ஒரு கேட்லாக் அச்சடிப்பார்களாம். அட்டையில் இன்னார் தொகுப்பு என்று போடுவது வழக்கம். என்ன பேர் போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

பதில் எழுது. ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டாதே.

அண்ணி
எல்லம்மாள்


போர்ட் பிளேர்
27.1.2025

அண்ணிக்குக் காலில் விழுந்து ஒரு கும்பிடு, எழுந்து ஒரு சண்டை.

நாங்கள் இரண்டு பேரும் உப்புக்கண்டம் மாதிரி கெடாமல் இருக்கிறோம். இவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து என் கைதான் வலிக்கிறது. உங்களுக்குப் பிரஷர் மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகிறதா? எங்கள் ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். நீங்கள் பழைய பேரிலேயே போட்டிருக்கிறீர்கள். அப்படியும் வந்து சேர்ந்துவிட்டது.

ஏலம் என்று படித்ததும் எனக்குத் தலை கிர்ரென்றது. எங்கள் அண்ணன் உயிராகச் சேர்த்ததைச் சந்தையில் வைத்துக் கூவப் போகிறீர்களா? ஒரு நாள் முழுக்க உங்களோடு பேசவில்லை. நீங்கள் எங்கே கவனித்திருக்கப் போகிறீர்கள்! மறுநாள் இவர்தான் சொன்னார், "பெரிய பெரிய ராஜா வீட்டுச் சரக்கெல்லாம் ஏலத்துக்குத்தான் வருது, அதுல உங்க அண்ணன் பேரும் வருதுன்னா சும்மாவா?" யோசித்துப் பார்த்தேன். சரிதான். அச்சில் வரப் போகிறது, அண்ணி! உலகம் பூராவும் படிக்கும்!

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "வேடியப்பன் தொகுப்பு." பெரிய எழுத்தில். முடிந்தால் தங்க நிறத்தில்.

அந்த டிரினோமலைக் கவர் கதையையும் போடச் சொல்லுங்கள். அண்ணன் அதைச் சொல்லாத கல்யாண வீடு உண்டா? அடாத மழையாம். மூர் மார்க்கெட்டில் ஒதுங்கினானாம். குப்பை மாதிரி குவிந்து கிடந்த கவர்களில் ஒன்றை உருவினானாம். கடைக்காரர், "அது சிலோன் கவரு சார், திரிகோணமலை"ன்னாராம். எங்கள் அண்ணன் முகவரியை ஒரு பார்வை பார்த்து, "யோவ், இது திரிகோணமலை இல்லய்யா, டிரினோமலை. வெள்ளைக்காரன் வாயில எங்க திருவண்ணாமலை!"ன்னு கத்தினானாம், கடையே ஆடிப் போச்சாம். என் கல்யாணத்தில் அவன் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அன்றைக்கு நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பு கோணலாக இருந்தால் கப்பல் ஆடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்
அன்பு


திருவண்ணாமலை
20.2.2025

அன்புவுக்கு,

மாத்திரை போகிறது, பிரஷரும் இறங்கியிருக்கிறது. தைலத்தை விட்டுவிட்டு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பார். உன் கடிதம் கப்பலில் வரவில்லை, விமானத்தில்தான் வந்தது. ஆகவே கோணலுக்குக் காரணம் நீதான்.

அந்தக் கதையில் சின்னத் திருத்தம். அன்றைக்கு மழை இல்லை, மண்டை பிளக்கிற வெயில். கவர் குவியலில் கிடக்கவில்லை, "சிலோன்" என்று சீட்டு ஒட்டிய தகர டப்பாவில் இருந்தது. கடை மொய்னுதீன் பாயுடையது. அவர் பூர்வீகமும் நம் ஊர்தான். கடையில் யாரும் கத்தவில்லை. உன் அண்ணன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். வந்து பணம் கொடுத்தார். மற்றபடி கதை சரி.

பேர் விஷயமாகக் கம்பெனிக்கு இன்னும் எழுதவில்லை. அவசரம் ஒன்றுமில்லையாம்.

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மலையைச் சுற்றுகிறவர்கள் தார் ரோட்டை விட்டுவிட்டு ஓரமாகவே நடக்கிறார்கள். உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது.

அண்ணி


போர்ட் பிளேர்
12.3.2025

அண்ணிக்கு வணக்கம் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கை துறுதுறுக்கிறது.

நொச்சி இலைக்கு இங்கே எங்கே போவேன்? இவர் மிளகு ரசம் குடித்தே சரியாகிவிட்டார். நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

டீ குடிக்கப் போனால் என்ன? எங்கள் அண்ணன் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடிக்கிறவன். நீங்கள் மழையையும் வெயிலையும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

கேட்லாக்கில் தொகுத்தவரைப் பற்றி ஒரு பக்கம் வரும் என்று இவர் எங்கேயோ விசாரித்துச் சொன்னார். நானே எழுதிவிட்டேன். தமிழ்ச் சங்கத்தில் வாசித்தும் காட்டினேன், கைதட்டினார்கள். ஆரம்பம் மட்டும் கேளுங்கள்: "திருவண்ணாமலை கண்ட மாமேதை திரு. கி. வேடியப்பன், பால் குடிக்கும் பருவத்திலேயே தபால்தலையைப் பார்த்துச் சிரித்தவர். அவரது கூரிய கண்ணுக்குத் தப்பிய முத்திரை இவ்வுலகில் இல்லை. சென்னைக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது அரங்கம் அதிர்ந்தது..."

பால் குடிக்கும் பருவம் கொஞ்சம் ஜாஸ்தி என்கிறார் இவர். நீங்கள் சொன்னால் எடுத்துவிடுகிறேன். முழுக் கட்டுரையையும் இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். அண்ணன் இருந்தபோது ஊருக்குத்தான் தெரியும், இனி உலகத்துக்கே தெரியட்டும்.

உடனே பதில் போடுங்கள்.

அன்பு


திருவண்ணாமலை
19.5.2025

அன்புவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் தெருவில் இறங்க முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் சித்ரா பௌர்ணமி போன வாரம்தான் வந்தது. அதற்கு முன்னால் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தப் பயம் வேண்டாம். அங்கே மழை ஆரம்பித்திருக்கும், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உன் கட்டுரை கிடைத்தது. எழுத்துப் பிழை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இடையில் கம்பெனியிலிருந்து கேட்லாக்கின் மாதிரிப் பக்கங்கள் வந்தன. பேர் போடும் இடம் மட்டும் காலி. புரட்டிக்கொண்டே வந்தேன், டிரினோமலைக் கவரைக் காணவில்லை. கடைசியில் பார்த்தால் அதைத் தனியாக எடுத்துச் சிலோன் பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். "திரிகோணமலைக்கு வந்த விமானக் கடிதம். பின்புறம் தெளிவில்லாத முத்திரை ஒன்று உள்ளது." தெளிவில்லாத முத்திரையாம்! அதுதானே நம் ஊர்! எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

பிரகாஷ் என்று ஒரு பிள்ளை, கேட்லாக் எழுதுகிறவன். விஷயம் தெரிந்த பிள்ளைதான். கையில் லென்ஸைக் கொடுத்து முத்திரை முத்திரையாகக் காட்டினேன். 1936இல் லண்டனிலிருந்து, நம் ஊர் ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒருவருக்கு எழுதிய கடிதம். எழுதியவர் டிரினோமலை என்று எழுத, அதைத் திரிகோணமலை என்று படித்து யாரோ இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு முத்திரை. "இது எங்களுக்கு வந்ததில்லை" என்று அவர்கள் திருப்ப, கடைசியில் நம் ஊர் முத்திரை, மங்கலாக, கவரின் பின்னால். நேராக வந்து சேர்ந்திருந்தால் அது சாதாரணக் கவர். வழி தவறிப் போய் வந்ததால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

பிரகாஷ் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவே இல்லை. "அம்மா, இதுதாம்மா நம்ம ஏலத்துக்கே முதல் லாட்டு"ன்னான். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் என்னைப் பார்த்து, "இவ்ளோ நுணுக்கமா யாரும்மா பார்த்து வச்சது? சாரா?"ன்னு கேட்டான்.

பிறகு பஸ் பிடித்து வந்துவிட்டேன். திண்டிவனத்தில் நல்ல மழை.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


போர்ட் பிளேர்
6.6.2025

அண்ணிக்கு,

இருவரும் சௌக்கியம். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். திண்டிவனத்து மழை எனக்கு வேண்டாம்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
25.6.2025

அன்புவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்து, திருப்பிப் பார்த்து, உள்ளே இன்னொரு தாள் இருக்கிறதா என்று உதறியும் பார்த்தேன். நீ நான்கு வரியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதுதானே?

"ஆமாம்ப்பா, சார்தான்"னு சொன்னேன்.

சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் மேலேயே எனக்குக் கோபம். நீ கேட்டுவிட்டாய், இனி மறைக்க மாட்டேன். அந்தக் கவர்களைச் சேர்த்தது நான், அன்பு. கல்யாணமாகி வந்த புதிதில் லாட்ஜ் கல்லாவில் என்னை உட்கார வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கவரைக் குப்பைக்கூடையில் போடுவார்கள். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட கவர்கள். எனக்கு மனசு கேட்காமல் எடுத்து வைத்தேன். அப்புறம் அதில் ஏறிய முத்திரைகளைப் படிக்க ஆரம்பித்தேன், படிப்பதற்காக ஆங்கிலம் கற்றேன். சிலோன் டப்பாவைக் கிளறியதும் நான்தான்.

உன் அண்ணன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் ஆல்பம் அவர் வாங்கிக் கொடுத்தது. எந்த ஊரில் பழைய கவர் இருக்கிறது என்றாலும் கூட்டிக்கொண்டு போவார். தபால்தலைச் சங்கத்தில் உறுப்பினர் அவர், அதனால் கண்காட்சிக்கு எல்லாம் அவர் பேரிலேயே போனது. பதக்கமும் அவர் பேருக்கே வந்தது. மேடையில் அவர் வாங்கினார், கீழே உட்கார்ந்து நான் கைதட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். பதக்கத்தை என் கழுத்தில் போட்டு, "உன்னுதுடி"ன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கதவு திறந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் அவர் கதை சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

இப்போது அட்டையில் பேர் வர வேண்டும். என் பேர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பெரிய ஆசை. ஆனால் உன் கட்டுரையைப் படித்த பிறகு எந்தக் கையால் அதை எழுதி அனுப்புவேன்? உனக்கு அண்ணன் என்றால் மலை. அதில் ஒரு கல்லைக்கூட நான் பெயர்க்க மாட்டேன். பேரே இல்லாமல் "திருவண்ணாமலைத் தொகுப்பு" என்று போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணி


போர்ட் பிளேர்
14.7.2025

எல்லம்மாள் அண்ணிக்கு,

உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. கோபத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன்.

நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வரிக் கடிதம் எழுதியது அதனால்தான். மே மாதக் கடிதம் வந்த அன்று, தமிழ்ச் சங்கத்தில் காட்டலாம் என்று அண்ணன் எனக்குப் போட்ட பழைய கவர்களையெல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் என்ன அழகான ஸ்டாம்பு! முத்திரை ஸ்டாம்பின் மூலையில் மட்டும் பூ வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. "பாருங்க, எங்க அண்ணன் போஸ்ட் ஆபீஸ்ல நின்னு, பார்த்துக் குத்த சொல்லுவான்"னு இவரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். இவர் உங்கள் புதுக் கவரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நானே பார்த்தேன். எல்லாக் கவரிலும் முகவரி ஒரே கையெழுத்து, உங்களுடையது. உள்ளே மட்டும் அண்ணன் கோழிக் கிறுக்கலில் நான்கு வரி.

இன்னொன்று சொல்லட்டுமா? இடது மூலையில் "அனுப்புநர்: கி. வேடியப்பன்" என்று அதே கையெழுத்து. பழையதில் மட்டும் இல்லை, இந்த வருஷம் நீங்கள் போட்ட அத்தனை கவரிலும்! இரண்டு வருஷமாகச் செத்தவன் எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறான், நானும் மூலையைப் பார்க்காமலே கிழித்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் எப்படிப்பட்டது பார்த்தீர்களா?

அழுதேன். முதலில் கோபத்தில், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை இத்தனை காலம் ஏமாற்றினீர்களே என்று. பிறகு வேறு மாதிரி. எனக்கு அண்ணன் அனுப்புகிறான் என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்த அழகெல்லாம் நீங்கள் அனுப்பியது. இதுவரை ஒரு தடவைகூட உங்களுக்கு நன்றி சொல்லவில்லை.

கதவைச் சாத்திவிட்டா போட்டான் பதக்கத்தை? திருட்டுப் பயல். இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனாலும் உங்களுக்குத்தானே போட்டான், அந்த மட்டும் எங்கள் அண்ணன்தான்.

பேரில்லாத தொகுப்பாம்! அப்பன் பேர் தெரியாத பிள்ளையா அது? உங்களைக் கேட்டால் இழுப்பீர்கள் என்று நானே கம்பெனிக்கு எழுதிவிட்டேன். ரெஜிஸ்டர் தபாலில். "தொகுப்பாளரின் நாத்தனார் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்து, பேரைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். கட்டுரையையும் மாற்றி எழுதிவிட்டேன், "திருவண்ணாமலை கண்ட மாமேதை" அப்படியேதான் இருக்கிறது, ஆள் மட்டும் வேறு. பால் குடிக்கும் பருவத்தை எடுத்துவிட்டேன், உங்கள் பால் குடிப் பருவம் கீழ்பென்னாத்தூரில் நடந்தது, எனக்குத் தெரியாது.

தமிழ்ச் சங்கத்திலும் திருத்திச் சொல்லிவிட்டேன். "எங்கள் வீட்டு மருமகள்" என்று சொன்னபோது முன்னைவிட ஜாஸ்தி கைதட்டல்.

ஏலத்துக்கு அந்தப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்பு


திருவண்ணாமலை
11.8.2025

அன்புவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன், உன் அண்ணன் படத்துக்குக் கீழே. படிக்கட்டும்.

கேட்லாக் வந்துவிட்டது. உனக்கு ஒன்று இதோடு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் டிரினோமலை. தாள் வழவழவென்று இருக்கிறது, தடவிக்கொண்டே இருக்கலாம். அட்டையைப் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே. உட்கார்ந்துகொண்டு பார்.

அண்ணி


போர்ட் பிளேர்
25.8.2025

அண்ணி!

எப்படி உட்காருவது? "எல்லாமலைத் தொகுப்பு, திருவண்ணாமலை"! எல்லாமலையா? அது எந்த மலை? எந்த ஜில்லாவில் இருக்கிறது? கீழே ஆங்கிலத்திலும் அதே கூத்து!

ஒரு ஆயுசு பூராவும் பேர் வராமல் இருந்து, வருகிற அன்றைக்கு இப்படியா வர வேண்டும்? எவனுக்கு இந்த எழுத்துக்கூடத் தெரியவில்லை? எல்லாவற்றையும் திரும்ப அச்சடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் விமானம் ஏறி வந்து அந்த ஆபீஸ் வாசலில் உட்காருவேன். முழங்காலோடு இவரும் வருகிறேன் என்கிறார்.

எனக்கு நெஞ்சு எரிகிறது, அண்ணி. உங்களுக்கு எரியவில்லையா?

அன்பு


திருவண்ணாமலை
20.9.2025

என் அன்புவுக்கு,

நெஞ்செரிச்சலுக்குச் சீரகத் தண்ணீர் குடி. நாங்கள் எல்லாரும், அதாவது நானும் மலையும், மிகவும் சௌக்கியம். இவ்வளவு சௌக்கியமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடந்தது. நீ கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டைப் பேரை மாற்ற வேண்டாம் என்று சொன்னது நான்தான். பிரகாஷ் பயந்துபோய்த் திருத்தச் சீட்டு ஒட்டித் தருகிறேன் என்றான். எங்கே பிழை நடந்தது என்று கேட்டேன். அச்சகத்துக்கு அப்படியே அனுப்பிய உன் ரெஜிஸ்டர் கடிதத்தை எடுத்துக் காட்டினான். கட்டம் கட்டியிருக்கிறாய், சரி. அந்தக் கட்டத்துக்குள் என் பேரையும் ஊரையும் நசுக்கி எழுதியதில், மேல் வரியின் முடிவும் கீழ் வரியின் முடிவும் ஒன்றில் ஒன்று புகுந்து, எல்லம்மாளும் திருவண்ணாமலையும் சேர்ந்து எல்லாமலை ஆகிவிட்டது. கோழிக் கிறுக்கல் உங்கள் குடும்பச் சொத்து போலிருக்கிறது. அந்தப் பிள்ளையைத் திட்டாதே.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊர் பேரைத் தப்பாக எழுதிய கவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தவளின் பேரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதை ஒட்டி மறைத்தால் நான் என்ன தொகுப்பாளர்? பிழை உள்ள ஸ்டாம்புக்குத்தான் எங்கள் உலகத்தில் மதிப்பு ஜாஸ்தி. டிரினோமலை என்று எழுதியும் கடிதம் நம் ஊருக்குத்தானே வந்தது?

ஹாலில் நல்ல கூட்டம். பதக்கத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன், போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஏலம் கூறுகிறவர் எழுந்து மைக்கில், "இன்றைய முதல் லாட், எல்லாமலைத் தொகுப்பிலிருந்து"ன்னார். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அன்பு. அச்சில் அப்படி இருக்கட்டும் என்று சொன்னவள் நான்தான், ஆனால் காதால் கேட்டதும் கால் தானாக எழுந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் நின்று, "எல்லாமலை இல்லீங்க. எல்லம்மாள். நான்தான்"னு சொன்னேன்.

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆமா, இந்தம்மாதான்! என் டப்பாலேர்ந்து எடுத்தாங்க, நான் சிலோன்னேன், சண்டை போட்டாங்க. சார் டீ குடிக்கப் போயிருந்தாரு!" திரும்பினால் மொய்னுதீன் பாய், தாடியெல்லாம் வெள்ளை. ஹாலே சிரித்தது. பிறகு கைதட்டினார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை. உட்கார்ந்து பதக்கத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

டிரினோமலைக் கவருக்குப் பெரிய போட்டி. பாய்கூட இரண்டு தடவை கையைத் தூக்கினார், தன் டப்பாவிலிருந்து போனதைத் திரும்ப வாங்க! கடைசியில் யார் எடுத்தது தெரியுமா? வளசரவாக்கத்தில் இருக்கிற ஒருவர். பூர்வீகம் எது என்று விசாரித்தேன். திரிகோணமலை! "ஒருக்கா எங்கட ஊருக்கு வந்ததைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள், அம்மா. இந்த முறை விடமாட்டன்"னு சொல்லி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்கு முழுத் திருப்தி. விலை எவ்வளவு என்று கேட்காதே, உன் கட்டுரையில் போட்டுவிடுவாய்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பெரிய போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். இருப்பதிலேயே அழகான ஸ்டாம்பாகக் கேட்டு வாங்கி, மூலையில் மட்டும் முத்திரை விழும்படி நின்று பார்த்துக் குத்தச் சொல்லியிருக்கிறேன். உனக்குத்தான், எப்போதும் போல.

அவசரக்காரி, கவரை எங்கே போட்டாய்? தேடி எடு. இடது பக்கக் கீழ் மூலையைப் பார். எழுதும்போது கை பழக்கத்தில் "கி. வே" வரைக்கும் போய்விட்டது. அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

அனுப்புநர்
எல்லம்மாள்
திருவண்ணாமலை